மறுவிற்பனை உரிமையுடன் வாங்கிய எம்ப்ராய்டரி டிசைனுக்கு இன்னொருவர் உரிமை கோருகிறார், என்ன செய்வது?

தறிநிழல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் வைத்து, ரவிக்கையின் பின்கழுத்துக்கும் கைக்கும் ஜாப் வொர்க் செய்து கொடுத்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு டெலிகிராம் குழுவில் பல ஆயிரம் டிசைன்கள் அடங்கிய தொகுப்பை 499 ரூபாய்க்கு வாங்கினேன். ‘எல்லாம் எங்கள் சொந்த பஞ்சிங், மறுவிற்பனை உரிமையும் உண்டு’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள் (பஞ்சிங் என்பது ஒரு படத்தை மிஷின் தைக்கக்கூடிய ஃபைலாக மாற்றும் வேலை). அதன் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் அனுப்பிய விவரமும் என்னிடம் இருக்கின்றன.

அதில் இருந்த ஜோடி மயில் டிசைன் ஒன்றைத் தைத்து என் பக்கத்தில் படம் போட்டிருந்தேன். வேறு மாவட்டத்தில் பஞ்சிங் தொழில் செய்யும் ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, அது தாம் செய்த டிசைன் என்றும், தம்மிடம் அதன் விலை 450 ரூபாய் என்றும், என்னிடம் அது எப்படி வந்தது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். கடுமையாக எதுவும் எழுதவில்லை. படத்தை எடுத்துவிடும்படி மட்டும் கேட்டிருக்கிறார். தொகுப்பை விற்றவரிடம் கேட்டதற்கு, ‘டிஜிட்டல் ஃபைலுக்குப் பணம் திருப்பித் தரப்படாது’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்.

அந்தப் பெண்மணி சொல்வது உண்மைதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? உண்மையென்றால், விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? எங்கள் ஊரில் மிஷின் வைத்திருக்கும் இருவர் இந்தத் தொகுப்பிலிருந்து சில டிசைன்களை விலைக்குக் கேட்கிறார்கள். உரிமை இருக்கிறது என்று சொல்லித்தானே வாங்கினேன், கொடுத்தால் தவறா?

ஊசிமுனை:

சகோதரி, நான் பஞ்சிங் செய்பவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் தொகுப்பில் இருப்பவை அனேகமாக டி.எஸ்.டி. ஃபைல்களாக இருக்கும். ஊசி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் நகர வேண்டும், எங்கே தாண்ட வேண்டும், எங்கே நூல் மாற்ற நிற்க வேண்டும் என்பது மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். எந்த நிற நூல் என்பதுகூட அதில் இருக்காது. பஞ்சிங் செய்தவரின் மூல ஃபைல் வேறு. வில்காம் மென்பொருளில் செய்திருந்தால் அது இ.எம்.பி. ஃபைலாக இருக்கும், ஒவ்வோர் இறகும் இதழும் தனித்தனி வடிவமாக, தையலின் கோணத்தோடும் நெருக்கத்தோடும் அதில் நிற்கும். ‘சொந்த பஞ்சிங்’ என்று சொல்லும் எவரிடமும் மூல ஃபைலைத் திறந்த நிலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேட்டுப் பாருங்கள். சொந்தமாகச் செய்தவர் அடுத்த நிமிடம் அனுப்புவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

நீங்களே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. அந்த மயில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். டி.எஸ்.டி. ஃபைலின் முதல் 512 பைட்டுகள் முகப்புப் பகுதி. அதற்குக் கீழே இருப்பது நமக்குப் புரியாத குறிகளாகத்தான் தெரியும், ஆனால் முகப்பை நாம் படிக்கலாம். எல்.ஏ. என்பதற்கு எதிரே டிசைனின் பெயர், எஸ்.டி. என்பதற்கு எதிரே தையல் எண்ணிக்கை, சி.ஓ. என்பதற்கு எதிரே நிற மாற்றங்களின் எண்ணிக்கை, அதன் பிறகு நீள அகலம் 0.1 மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். இந்த எண்களை நீங்கள் முதலில் சொல்லாமல், அந்தப் பெண்மணியிடம் அவருடைய எண்களை அனுப்பச் சொல்லுங்கள். ஃபைலைக் கேட்காதீர்கள், எந்தப் பஞ்சிங்காரரும் தர மாட்டார், தரவும் கூடாது. ஒரே மயிலை இருவர் தனித்தனியாகப் பஞ்ச் செய்தால் பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும், தையல் எண்ணிக்கை கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகாது. திருடியவர் பெயரை மாற்றியிருக்கலாம், அளவைக்கூடக் கூட்டியிருக்கலாம். ஆனால் மென்பொருளில் தையலை மறுகணக்கிடாமல் அளவை மட்டும் மாற்றியிருந்தால், நீள அகலம் மாறுமே தவிர எண்ணிக்கை மாறாது.

இன்னொன்று. ஒரு நல்ல பின்கழுத்து டிசைனைப் பஞ்ச் செய்து, துணியில் ஓட்டிப் பார்த்து, நூல் அறுபடும் இடங்களையும் துணி சுருங்கும் இடங்களையும் திருத்தி முடிக்கச் சாதாரணமாக ஒரு முழு நாள் போய்விடும். பல ஆயிரம் டிசைன்கள் 499 ரூபாய் என்றால், அந்தக் கணக்கில் கூலி எங்கே இருக்கிறது?

மாங்காய்க்கரை:

எனக்கு இந்த உரிமைப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை. மயிலும் மாங்காயும் அன்னமும் யாளியும் காஞ்சிபுரத்துப் புடவைக் கரையிலும் கோயில் தூணிலும் காலங்காலமாக இருப்பவை. அவற்றை மென்பொருளில் வரைந்துவிட்டு ‘என் டிசைன்’ என்று மற்றவர்களை மிரட்டுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்மணி அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை; ஆனால் கேட்டவுடன் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. முதலில் சரிபாருங்கள்.

ஊசிமுனை:

மயில் பொதுச்சொத்து என்பதில் எனக்கும் மறுப்பில்லை. உங்கள் மயிலை நீங்களே பஞ்ச் செய்து தாராளமாக விற்கலாம். இங்கே கேள்வி, அவர் உட்கார்ந்து செய்த ஃபைலை அப்படியே நகலெடுத்து விற்றதைப் பற்றியது.

பிரிவுத்துணை:

சட்டப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

‘மறுவிற்பனை உரிமை உண்டு’ என்ற விளம்பர வரியால் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. தம்மிடம் இல்லாததை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை முழுவதுமாக மாற்றிக் கொடுப்பதானால் உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் (பிரிவு 19). பயன்படுத்த அனுமதி கொடுப்பதானாலும் அவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் தர வேண்டும் (பிரிவு 30). ஆகவே விற்றவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, டிசைன் செய்தவர் அவருக்கு எழுதிக் கொடுத்தது எங்கே என்பதைத்தான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்து உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50-க்கு மேற்பட்ட பொருட்களை உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 15, உட்பிரிவு 2). ரித்திகா நிறுவனம் பீபா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் இதை வைத்துத்தான் ஆடை வடிவமைப்பாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் இதைச் சாக்காக வைத்து நீங்கள் விற்பனையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வழக்கு ஆடையைப் பற்றியது. ஃபைலையே நகலெடுத்து விற்பதற்கு அது அப்படியே பொருந்தும் என்று நம்பி இறங்குவது ஆபத்து. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63, தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்தப் பெண்மணியின் கடிதம் வந்த பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்வது எடுபடாது. ஊரில் கேட்கும் இருவருக்கும் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்பதே 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின் போக்கு. டிஜிட்டல் என்று ஒட்டிவிட்டால் பொய் விளம்பரம் மெய்யாகிவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மறுவிற்பனைக்காக வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரைக் கருதுகிறது. எதற்காக வாங்கினீர்கள் என்பதை உள்ளபடியே எழுதுங்கள். தைப்பதற்காகத்தான் வாங்கினீர்கள் என்றால் உங்கள் புகார் நிற்கும்.

கத்தரி_இலண்டன்:

நான் இங்கே பழைய காகித பேட்டர்ன்களை (துணியை வெட்டுவதற்கான அச்சிட்ட மாதிரித் தாள்களை) வாங்கி விற்கிறேன். காகிதத்தின் கதை வேறு. விலை கொடுத்து வாங்கிய ஒரு பேட்டர்ன் உறையை இன்னொருவருக்கு விற்பது தவறில்லை. அதை ஸ்கேன் செய்து விற்பதுதான் தவறு. ஃபைலில் அந்தப் பிரிவினையே இல்லை, ஏனென்றால் ‘விற்ற’ பிறகும் விற்றவரிடம் அது இருக்கும். பயன்படுத்திய இசை ஃபைல்களின் மறுவிற்பனையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2018-இல் ஏற்கவில்லை. மின்னூல் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் அதே முடிவுக்கு வந்தது.

காகிதத்திலும் நேர்மை குறைவு உண்டு. பல அளவுகள் ஒரே தாளில் அச்சான பேட்டர்னைச் சிறிய அளவுக்கு வெட்டிவிட்டால் பெரிய அளவுகள் போய்விடும். அதைச் சொல்லாமல் ‘நல்ல நிலையில்’ என்று விற்பார்கள். நான் துண்டுகளை விரித்து எண்ணி, வெட்டியதா வெட்டாததா, ஆலையில் மடித்த மடிப்பு கலையாமல் இருக்கிறதா, செய்முறைத் தாள் இருக்கிறதா என்று எழுதித்தான் போடுகிறேன். வாங்குபவர்களும் சளைத்தவர்கள் அல்லர். பேட்டர்னைப் பிரதி எடுத்துக்கொண்டு ‘விவரித்தபடி இல்லை’ என்று திருப்பி அனுப்புவோர் உண்டு. நன்றாகத் தேய்த்து மடித்திருந்தாலும் அந்த மடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். பி.டி.எஃப். பேட்டர்ன் விற்கும் என் தோழிக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை, பிரிண்டரில் 100 சதவீதம் என்று வைக்காமல் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சடித்தவர்களிடமிருந்து வருகின்றன. முதல் பக்கத்தில் இருக்கும் சோதனைச் சதுரத்தை அளந்து பார்க்காமலே, ரவிக்கை இறுக்கமாக இருக்கிறது, பணத்தைக் கொடு என்பார்கள்.

தறிநிழல்:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊசிமுனை அண்ணன் சொன்னபடி செய்தேன். அந்த அம்மா அனுப்பிய தையல் எண்ணிக்கை 38,412. நிற மாற்றம் 6. என் ஃபைலிலும் அதே எண்கள்தான் இருக்கின்றன. நீள அகலம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. எல்.ஏ. என்ற இடத்தில் அவருடைய கடைப் பெயரின் முதல் எழுத்துகள்கூட அழிக்கப்படாமல் நிற்கின்றன. படத்தை எடுத்துவிட்டேன். 1915-இல் புகாரும் பதிவாகியிருக்கிறது. ஊரில் கேட்டவர்களிடம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கு என்மேல் வருத்தம்தான்.

இப்போது ஒரு சங்கடம். இதே மயிலைக் கேட்டு ஒரு கல்யாண வீட்டார் மூன்று ரவிக்கைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.

ஊசிமுனை:

அந்த அம்மாவிடமே 450 ரூபாய் கொடுத்து வாங்கிவிடுங்கள். வாங்கும்போது, ஜாப் வொர்க்குக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தைக்கலாம், ஃபைலை மட்டும் வெளியே கொடுக்கக் கூடாது என்பதை வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஃபைலை ஓட்டாதீர்கள். அளவைக் கூட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள், தையல் எண்ணிக்கை மாறாமல் அளவு மட்டும் கூடியிருந்தால் இறகுகளின் நடுவே துணி தெரியும். உங்களுக்கு எந்த அளவு வேண்டும் என்று சொன்னால், அவர் மூல ஃபைலிலிருந்தே சரியாக எடுத்துக் கொடுப்பார். விற்றவரின் விளம்பர ஸ்கிரீன்ஷாட்டையும் குழுவின் பெயரையும் அவருக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் குழுவின் மீது டெலிகிராமிடம் பதிப்புரிமைப் புகார் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.