போரான் வளையத்தில் கார்பன் மோனாக்சைடு: நிறம் போனால் சேர்ந்துட்டுன்னு அர்த்தமா?

பாளையங்கோட்டை:
பென்டாபினைல்போரோல் (ஒரு போரானும் நாலு கார்பனும் சேர்ந்த வளையத்துல ஐந்து பினைல் தொகுதி உள்ளது) அடர்நீலம். கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டதும் நீலம் வெளுத்தால் உடனே நோட்டில் ‘சேர்ந்துட்டு’ன்னு எழுதிராதிய. ஈரம் பட்டாலும் இதே வெளுப்புதான், தண்ணீர் வளையத்தையே உடைச்சிரும். ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுங்க. தனி கார்பன் மோனாக்சைடோட பட்டை 2143 செ.மீ⁻¹-இல் வரும், கார்பன்-13 வாயு 2096-இல். வாயுவை மாற்றினால் உங்க பட்டையும் ஏறத்தாழ அந்த அளவு இறங்கணும். இறங்கலைன்னா அது கார்பனைல் (போரானோட சேர்ந்த கார்பன் மோனாக்சைடு) இல்ல. பினைல் ஐந்திலும் புளோரின் நிரப்பிய போரோல் இதுக்குத் தோது. அதன் கார்பனைல் சேர்மத்தைப் பியர்ஸ் குழு 2012-இல் தனியாகவே பிரிச்சு எடுத்தாங்க.

பேட்டை:
அண்ணாச்சி சொன்னதோட ஒன்னு. 2000, 2022 பக்கம் இரட்டைப் பட்டை வந்தா குதிச்சிராதிய, அது இரும்பு பென்டாகார்பனைல். எஃகு சிலிண்டர்ல வெகுநாள் கிடந்த வாயுவுல வரும். கரி நிரப்பின குழாய் வழியா விட்டா போயிரும்.

அம்பாசமுத்திரம்:
போரோல் செய்ய வசதியில்லாத லேபுக்கு 9-பிபிஎன் (9-போராபைசைக்ளோநோனேன்ங்கிற போரான் சேர்மம்) போதும். ஆல்கீனைச் சேர்த்து, 0 டிகிரியில், லித்தியம் ட்ரைமீத்தாக்சி அலுமினியம் ஹைட்ரைடு கூட இருக்க, சாதாரண அழுத்தத்திலேயே வாயுவை இழுக்கும். ஹைட்ரைடு இல்லாம 100 டிகிரிக்கு மேல சூடாக்கினா, ஒரு தொகுதியோட நிக்காம அடுத்தடுத்து கார்பனுக்குத் தாவி மூவிணைய ஆல்கஹால் பக்கம் போயிரும். கடைசி ஆக்சிஜனேற்றத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடோட பிஹெச் 7 பஃபர் போடுங்க. காரம் கூடினா, ஹைட்ரைடு வழியில கிடைக்கிற ஆல்டிஹைடு ஒன்னோடொன்னு ஒட்டிக்கிடும்.

இன்னொன்னு, இழுத்த வாயுவை ப்யூரெட்ல அளக்கையில 22.4-ஆல (0 டிகிரியில் 1 மில்லிமோல் வாயு இத்தனை மி.லி.) வகுக்காதிய. மே மாசம் இங்கே 38 டிகிரி, அப்போ 1 மில்லிமோல் 25.5 மி.லி. பழைய கணக்கு போட்டா 14 சதவீதம் கூடுதலா இழுத்த மாதிரி காட்டும்.

தென்காசி:
கார்பன் டை ஆக்சைடு விடுறவங்களுக்கு: வாக்னர் குழு 2018-இல் காட்டின லித்தியம் டைபோராஆந்த்ரசீன்ல (வளையத்துல ரெண்டு போரான் உள்ள சேர்மத்தோட லித்தியம் உப்பு) முதல் மூலக்கூறு ரெண்டு போரானுக்கும் நடுவுல பாலமா உட்காரும். இரண்டாவது வந்ததும் கார்பனேட்டும் கார்பன் மோனாக்சைடுமாப் பிரியும். பாலச் சேர்மந்தான் வேணும்னா ஒரு சமானத்துக்கு (ஒரு மோல் உப்புக்கு ஒரு மோல் வாயு) மேல விடாதிய. சாரல் காலத்துல உலர்பனியைக் கையாண்டா பனித்துகளா ஈரம் கூடவே வரும்; வாயுவை பாஸ்பரஸ் பென்டாக்சைடு மேல விட்டுத்தான் எடுக்கணும்.

உள்ளே விட்டது டை ஆக்சைடுதானேன்னு மோனாக்சைடு அலாரத்தை அணைச்சு வச்சிராதிய. வெளியே வர்றது மோனாக்சைடு, வாசமே கிடையாது.