பழைய துணி விற்கும்போது எந்த அளவை எழுதுவது: லேபிளில் இருப்பதையா, டேப் காட்டுவதையா?

மாசிவீதி எழுதியது:

வணக்கம். என்னுடைய, என் தங்கையுடைய குர்த்திகளையும் சல்வார்களையும் தைத்த ரவிக்கைகளையும் எட்டு மாதங்களாக ஒரு விற்பனைச் செயலியிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் விற்று வருகிறேன். துணிகள் நல்ல நிலையில் இருப்பவை. படங்களையும் பகல் வெளிச்சத்தில்தான் எடுக்கிறேன். அப்படியிருந்தும் சென்ற மாதம் அனுப்பிய ஏழு உருப்படிகளில் மூன்று திரும்பி வந்துவிட்டன. மூன்றுக்கும் காரணம் அளவுதான்.

முதலாவது, லேபிளில் ‘எல் – 40’ என்று அச்சிட்டிருந்த நீல நிற ரேயான் குர்த்தி. லேபிளில் இருந்ததை அப்படியே எழுதி விற்றேன். வாங்கியவர் தாம் எப்போதும் எல் அளவே அணிவதாகவும், இது தலைவழியே இறங்கியும் மார்போடு நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார். திரும்பி வந்த பிறகு அளந்து பார்த்தால், டேப்பை எங்கே வைக்கிறேன் என்பதைப் பொறுத்து 38 அங்குலமும் வருகிறது, 39½ அங்குலமும் வருகிறது. இரண்டாவது, என் அளவுக்கு 36 என்று சொல்லித் தைத்த பட்டு ரவிக்கை. 36 அளவுள்ள ஒருவருக்கே அதில் கை ஏறவில்லையாம். மூன்றாவது என் கணவரின் முழுக்கைச் சட்டை. காலரில் 40 என்று இருந்ததை வாங்கியவர் மார்பளவாக எடுத்துக்கொண்டார். அது எதன் அளவு என்று உண்மையில் எனக்கும் தெரியவில்லை.

கூரியர் செலவு இரண்டு முறை என் தலையில் விழுந்தது போகட்டும். ‘பொய் அளவு சொல்லி விற்கிறார்’ என்று குழுவில் ஒருவர் எழுதியதுதான் உறுத்துகிறது. லேபிளில் உள்ளதை எழுதுவது சரியா, நான் அளந்ததை எழுதுவது சரியா? அளப்பதென்றால் டேப்பை எங்கிருந்து எங்கே வைக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாபின் எழுதியது:

சகோதரி, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையற்கடை நடத்துகிறேன். என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உடம்பை அளக்க விடுவதில்லை. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, ‘இதே மாதிரி’ என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை மேசையில் விரித்து நான் அளந்துகொள்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். உங்கள் துணியை விரித்து அளந்து எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் தம்மிடம் நன்றாகப் பொருந்துகிற ஒரு துணியை அதே போல விரித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்ளட்டும். ‘38 அளவுள்ளவர்களுக்குப் பொருந்தும்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள், ஏனென்றால் அவர் இறுக்கமாக அணிபவரா தளர்வாக அணிபவரா என்பது உங்களுக்குத் தெரியாது.

நீல குர்த்தியில் நடந்தது இதுவாக இருக்கலாம். லேபிளில் உள்ள 40 துணியின் சுற்றளவா, அதை அணிபவரின் உடல் அளவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இழுபடாத துணியில் தைத்த குர்த்தி, உடல் அளவைவிட இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் கையைத் தூக்கி இறக்க முடியும். துணியே 38 அங்குலம் என்றால் 38 உடல் அதற்குள் வசதியாக நுழையாது. போதாக்குறைக்கு ரேயான் முதல் சில சலவைகளிலேயே நன்றாகச் சுருங்கக்கூடியது.

ரவிக்கையைக் குர்த்தி போல அளக்க முடியாது. முன்பக்கம் டாட் (மார்பு வடிவம் வருவதற்காக மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடித்திருப்பதால் அது மேசையில் படுக்காது. மேலிருந்து அழுத்தி அளந்தால் ஓர் அங்குலம் வரை குறைவாகவே காட்டும். கொக்கிகளைக் கழற்றி, உட்பக்கம் மேலே தெரியுமாறு விரித்து, கொக்கிப் பட்டியின் விளிம்பிலிருந்து கைக்குழிக்கு அடியாக முதுகைச் சுற்றி மறுபக்கப் பட்டியின் விளிம்பு வரை டேப்பைத் துணியோடு ஒட்டி நடத்துங்கள். மொத்தத்தில், பட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அகலத்தைக் கழித்துவிடுங்கள். அதன் பிறகு கைச்சுற்று. மார்பளவு ஒன்றாக இருக்கும் இருவருக்குக் கைச்சுற்றில் இரண்டு அங்குலம் வித்தியாசம் இருப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்; உங்கள் ரவிக்கை திரும்பி வந்ததும் அதனால்தான். தோளிலிருந்து உயரம், பின்கழுத்து இறக்கம் ஆகியவற்றையும் எழுதினால் நல்லது. பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னும் அரை அங்குலம் பிரித்துவிட முடிந்தால் மொத்தச் சுற்றளவு இரண்டு அங்குலம் கூடும், வாங்க நினைப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உள்ளே இருக்கும் லைனிங் துணியை நனைக்காமல் தைத்திருந்தால், அது பட்டைவிட அதிகமாகச் சுருங்கி முழு ரவிக்கையையும் இழுத்துப் பிடிக்கும். அதனால் வெளித்துணியோடு உள்துணியையும் அளந்துவிடுங்கள்.

பின்னலாடை எழுதியது:

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். டேப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் தீர்மானமான பதில் உண்டு. மார்பளவு என்றால், கைக்குழி முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. சகோதரிக்கு 38-உம் 39½-உம் மாறி மாறி வந்ததற்கு அந்த ஓர் அங்குலமே காரணமாக இருக்கலாம். நீளம் என்றால், தோள் தையல் கழுத்தைத் தொடும் உச்சியிலிருந்து நேராகக் கீழ் விளிம்பு வரை. முதுகின் நடுவிலிருந்து அளந்தால் அது வேறு எண், ஆகவே எதிலிருந்து அளந்தீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

துணியைக் கட்டில் மெத்தையில் போட்டு அளக்கக் கூடாது. கடினமான மேசையில் போட்டு, சுருக்கங்களைக் கையால் தடவிவிட வேண்டுமே தவிர இழுத்துப் பிடிக்கக் கூடாது. விரித்து அளக்கும்போது அரை அங்குலம் தவறினால் சுற்றளவில் அது ஓர் அங்குலம் ஆகிவிடுகிறது. பனியன் துணியில் இது இன்னும் கவனம் வேண்டிய வேலை. நீராவி இஸ்திரி போட்ட கையோடு டி-ஷர்ட்டை அளந்தால் துணி விரிந்து நின்று பொய் சொல்லும்; துவைத்துக் காயவைத்துச் சில மணி நேரம் மடித்து வைத்த பிறகு அளந்தால்தான் வாங்குபவர் கையில் போய்ச் சேரும் அளவு கிடைக்கும். எத்தனை பக்குவமாக அளந்தாலும் சிறு வேறுபாடு வரத்தான் செய்யும். எங்கள் அளவுத் தாளிலேயே ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ‘கூடக் குறைய இவ்வளவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்களும் ‘அரை அங்குலம் முன்பின் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வீண் சண்டை குறையும்.

சட்டைக் காலரில் இருக்கும் 40, கழுத்துச் சுற்றளவு சென்டிமீட்டரில். அங்குலத்தில் அது ஏறத்தாழ 15¾. மார்பளவை அங்குலத்தில் 40, 42 என்று போடும் பழக்கமும் நம் ஊரில் உள்ளதால் இந்தக் குழப்பம் ஓய்வதில்லை. ‘காலர் 40 செ.மீ., மார்பு விரித்து அளந்தால் 22 அங்குலம்’ என்பது போல எழுதிவிட்டால் கேள்வியே எழாது. ஏற்றுமதியில் மிஞ்சி வரும் சரக்கில் லேபிளையே வெட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட துணிக்கு அணிந்து பார்த்து ஓர் எழுத்தைச் சூட்டுவதைவிட ‘லேபிள் இல்லை’ என்று எழுதி எண்களை மட்டும் தருவது நேர்மையானது.

லேபிளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1958-இல் பெண்கள் ஆடைகளுக்கென வெளியிடப்பட்ட பொது அளவுத் தரம் 1983-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பிருந்தே கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி எண்ணைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தன, சிறிய எண்ணைக் கண்டால் வாங்குபவருக்கு மகிழ்ச்சி என்பதால். நம் நாட்டில் இந்தியர்களின் உடலமைப்புக்கென அளவு அட்டவணை தயாரிக்கும் ஆய்வு 2018-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே லேபிளை நம்பியதற்காகச் சகோதரி வருந்த வேண்டியதில்லை.

இரட்டைப்பின்னல் எழுதியது:

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மேலே இருவர் சொன்னதும் சரியே, எனினும் லேபிள் எழுத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். செயலியில் நான் தேடும்போது எக்ஸ்எல் என்றுதான் வடிகட்டுகிறேன். அந்த எழுத்து இல்லாத பொருள் என் கண்ணில் படுவதே இல்லை. லேபிள் எழுத்து தலைப்பில் இருக்கட்டும், அளந்த எண்கள் விவரத்தில் இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டேப்பைத் துணியின் மேல் வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ‘ஃப்ரீ சைஸ்’ என்று எழுதும் விற்பனையாளர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. நாடா கட்டும் சல்வாருக்குக்கூட இடுப்புக்கு எல்லை இல்லாவிட்டாலும் பிட்டச் சுற்றுக்கும் தொடைக்கும் எல்லை உண்டு.

எனக்கு இரண்டு பெண்கள் என்பதால் பட்டுப் பாவாடை பற்றியும் சொல்கிறேன். ‘6 வயது’ என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தைகளிடையே ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கிறது. இடுப்பிலிருந்து கீழ் விளிம்பு வரை பாவாடையின் நீளத்தையும், உள்ளே மடித்துத் தைத்திருக்கும் டக்கைப் பிரித்தால் எவ்வளவு இறங்கும் என்பதையும் எழுதுங்கள். சென்ற தீபாவளிக்கு நான் வாங்கிய பாவாடையில் மூன்று அங்குல டக் இருந்ததை விற்றவர் குறிப்பிட்டிருந்தார். அதற்காகவே பேரம் பேசாமல் வாங்கினேன், இந்த ஆண்டும் அதுதான் ஓடுகிறது. வெளிநாட்டு உறவினர் கொடுத்த துணி என்றால் எந்த நாட்டு எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரிட்டனின் 12 அமெரிக்காவில் ஏறத்தாழ 8.

மாசிவீதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். நீல குர்த்திக்கு இப்போது எழுதியிருப்பது இது: ‘லேபிள் எல் – 40. ஆனால் துவைத்த பின் அளந்ததில், கைக்குழிக்கு ஓர் அங்குலம் கீழே விரித்த அகலம் 19 அங்குலம், அதாவது சுற்றளவு 38. தோள் உச்சியிலிருந்து நீளம் 44½. கைச்சுற்று 13. துணி இழுபடாது. அரை அங்குலம் முன்பின் இருக்கலாம். உங்களுக்குப் பொருந்தும் குர்த்தி ஒன்றை விரித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்ளவும்.’ காலையில் இதைப் போட்டேன், ஒருவர் தம் குர்த்தியை அளந்து படமே அனுப்பிவிட்டு, தமக்கு 20 அங்குலம் வேண்டும் என்று சொல்லி வாங்காமல் போய்விட்டார். விற்கவில்லை என்றாலும், திரும்பி வந்திருக்க வேண்டிய ஒரு பொட்டலம் என் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

ரவிக்கையை விரித்து அளந்ததில் பட்டி கழித்து 35½ வருகிறது, கைச்சுற்று 11. உள்ளே பக்கத்துக்கு முக்கால் அங்குலம் துணி இருக்கிறது. ‘38 வரை பிரித்துவிடலாம்’ என்று எழுதிவிடலாமா?

பாபின் எழுதியது:

முக்கால் அங்குலம் முழுவதையும் கணக்கில் எடுக்காதீர்கள், தையலுக்குக் கால் அங்குலமாவது மிஞ்ச வேண்டும். ‘37½ வரை’ என்று எழுதுங்கள். பட்டில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் கோடாகத் தெரியும், உள்ளே இருந்த துணியின் நிறமும் வெளித்துணியைவிடச் சற்றுப் பளிச்சென்று இருக்கும். கைக்கு அடியில் வருவதால் சிலர் பொருட்படுத்த மாட்டார்கள், சிலர் பொருட்படுத்துவார்கள். ஒரு மூலையைப் பிரித்துப் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள்.