டாட் ஸ்டோர் ரினீவல் பில்லும் மெயில் சிக்கலும்: டாட் இன்னுக்கு மாறலாமா?

சுங்குடிக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியில் சுங்குடிப் புடவை வியாபாரம் எங்களுக்கு. சைட் போட்டுக் கொடுத்த டிசைனர், கடைப் பெயரில் டாட் காம் கிடைக்கவில்லை என்று டாட் ஸ்டோரில் எடுத்தார். முதல் வருடம் 99 ரூபாய். இப்போது ரினீவலுக்கு 3,900 ரூபாய் கேட்கிறார்கள், ஜிஎஸ்டி தனி.

பணம் ஒரு பக்கம். நூல் சப்ளையர் ஒருவரின் போர்ட்டலில் கடை மெயிலைக் கொடுத்தால், “சரியான மின்னஞ்சல் முகவரி தரவும்” என்று சிவப்பில் வந்து நிற்கிறது. ஜிமெயில் முகவரி போட்டால் சத்தமில்லாமல் போகிறது. போனில் சைட் பெயர் சொன்னால் பாதிப் பேர் “ஸ்டோர் டாட் காமா?” என்று கேட்கிறார்கள். அந்த டாட் காமில் போய்ப் பார்த்தால் ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்று ஒரு பக்கம், விலை 2,800 டாலர்.

டாட் இன் காலியாக இருக்கிறது. மாறினால் கூகுளில் இப்போது கிடைக்கும் இடம் போய்விடுமா? ஆர்டர் பெரும்பாலும் தமிழ்நாடு, பெங்களூர். மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் கொஞ்சம் வரும்.

மதுரை_நெட்வொர்க்:

மெயில் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். அதே ஃபார்மில், டாட் ஷாப் என்று முடிகிற ஏதாவது ஒரு கற்பனை முகவரியை டைப் செய்து பாருங்கள், சப்மிட் பண்ண வேண்டாம். சிவப்பு எழுத்து வருகிறதா?

சுங்குடிக்கடை:

பார்த்தேன் சார். டாட் ஷாப் போட்டால் ஒன்றும் சொல்லவில்லை. டாட் ஸ்டோர் போட்டால் உடனே சிவப்பு. இது எப்படி?

மதுரை_நெட்வொர்க்:

நினைத்தது சரிதான். அந்த ஃபார்மை எழுதியவர், புள்ளிக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு எழுத்து வரைதான் இருக்கும் என்று விதி போட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இன் இரண்டு எழுத்து, காம் மூன்று, ஷாப் நான்கு. ஸ்டோர் ஐந்து, அதனால் வெளியே. உங்கள் மெயிலிலோ, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெகார்டிலோ எந்தக் கோளாறும் இல்லை, அங்கே கை வைக்க வேண்டாம்.

பழைய புரோகிராமிங் புத்தகங்களிலிருந்து காப்பி அடித்து வந்த விதி இது. வேடிக்கை என்னவென்றால், ஆறு எழுத்துள்ள டாட் மியூசியம் 2001-லேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் 2012-ல், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு, புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு (காம், இன் போலப் பெயரின் கடைசிப் பகுதி) விண்ணப்பம் வாங்கியபோது 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன, 2013 கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் புழக்கத்துக்கு வந்தன. இத்தனைக்குப் பிறகும் அந்த விதியைத் திருத்தாத ஃபார்ம்கள் இருக்கின்றன. சப்ளையரிடம் சொல்லிப் பாருங்கள், ஆனால் அவர்கள் சரிசெய்யும் வரை காத்திருந்து வியாபாரம் செய்ய முடியாது.

எக்ஸ்டென்ஷன்_பிரியன்:

எனக்கு மாற்றுக் கருத்து. ஒரு மோசமான ஃபார்முக்காக, ஓடிக்கொண்டிருக்கிற சைட்டை இடம் மாற்றுவதா? புதிய எக்ஸ்டென்ஷன்களை டாட் காம் போலவேதான் நடத்துகிறோம் என்று கூகுள் 2015-லேயே சொல்லிவிட்டது. கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட்டே ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்டில்தான் இருக்கிறது. பெயர் நன்றாக இருந்தால் ஜனங்கள் பழகிக்கொள்வார்கள்.

தறிவீடு:

கரூரில் பெட்ஷீட், துண்டு ஆன்லைனில் விற்கிறோம். மேலே சொன்னவர் ஆல்பபெட்டைக் காட்டுகிறார். அந்தக் கம்பெனி முகவரியைத் தேடிப் போய்ப் பொருள் வாங்கப் போகிறவர் யார்? கடைக்காரர் கதை வேண்டுமானால் அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் என்கிற ஆன்லைன் கடையின் கதையைப் பாருங்கள். 2011-ல் ஓ டாட் கோ என்று பெயரைச் சுருக்கி விளம்பரமெல்லாம் செய்தார்கள், ஒரு ஸ்டேடியத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். கணிசமான பேர் ஓ டாட் காம் என்று அடித்துவிட்டு ஒன்றும் வராமல் திரும்பிப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய பெயருக்கே வந்துவிட்டார்கள். அத்தனை பணம் கொட்டியவர்களாலேயே ஜனங்களின் விரலைப் பழக்க முடியவில்லை.

தம்பி, நம்ம ஊரில் இரண்டு பழகிவிட்டது, ஒன்று காம், இன்னொன்று இன். ‘டாட் இன்’ என்றால் போனில் மறு கேள்வி வருவதில்லை.

ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கும் என்று படுகிறது. டொமைனில், அதாவது சைட் பெயரில், ஊர்ப் பெயரோ சுங்குடியோ வருகிறதா? சின்னாளபட்டியை ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஐ போட்டும் எழுதுகிறார்கள், ஒய் போட்டும் எழுதுகிறார்கள். சுங்குடியையும் நடுவில் யு போட்டு ஒருவர், ஐ போட்டு ஒருவர். எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் இதில் ஆள் தப்பிப் போவார். டாட் இன் எடுத்தால் அந்த இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்து எடுத்து மெயின் சைட்டுக்குத் திருப்பிவிடுங்கள். மொத்தமும் சேர்த்தாலே உங்கள் டாட் ஸ்டோர் ரினீவல் பில்லைத் தாண்டாது.

கோவை_ஹோஸ்டிங்:

விலை பற்றி நான் சொல்கிறேன். 99 ரூபாய் என்பது ஆள் பிடிக்கும் விலை. டொமைன் வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டாம் வருட விலையைத்தான், அதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். டாட் காமை நடத்தும் கம்பெனி ரிஜிஸ்ட்ரார்களிடம் (நமக்கு டொமைன் விற்பவர்கள்) வாங்கும் மொத்த விற்பனை விலைக்கு, அது அமெரிக்க அரசுடன் போட்ட ஒப்பந்தப்படி உச்சவரம்பு உண்டு. ஆறு வருடத்தில் நான்கு வருடம், வருடத்துக்கு 7 சதவீதம் வரை ஏற்றலாம், அவ்வளவுதான். அப்படி ஏறித்தான் 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த வரம்பே கிடையாது. விலை ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்னால் ரிஜிஸ்ட்ரார்களுக்கு நோட்டீஸ் கொடுத்தால் போதும். 2017-ல் ஒரு ரிஜிஸ்ட்ரி (எக்ஸ்டென்ஷனை நடத்தும் கம்பெனி) டாட் ஹோஸ்டிங் போன்ற சிலவற்றை ஆண்டுக்கு 300 டாலர் வரை கொண்டுபோனது. டாட் இன், நிக்ஸி என்கிற இந்திய அமைப்பின் கையில் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் ரினீவல் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

ஒரு கேள்வி. டாட் ஸ்டோர் யார் அக்கவுண்டில் இருக்கிறது?

சுங்குடிக்கடை:

டிசைனர் அக்கவுண்டில்தான். பில்லும் அவருக்கு வந்து, அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அக்கா, ஊர்ப் பெயர் வருகிறது. நீங்கள் சொன்ன எழுத்துச் சிக்கலும் அப்படியே இருக்கிறது. பார்சல் லேபிளில் ஒன்று, விசிட்டிங் கார்டில் ஒன்று!

கோவை_ஹோஸ்டிங்:

அப்படியானால் இன்னுக்கா ஸ்டோருக்கா என்கிற பேச்சையே இரண்டு நாள் தள்ளிவையுங்கள். முதல் வேலை, டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் திறந்த அக்கவுண்டுக்குக் கொண்டுவருவது. டிசைனர் நல்லவராகவே இருக்கட்டும், போன் நம்பரை மாற்றிவிட்டார் என்றால் என்ன செய்வீர்கள்? அவரிடம் டொமைனை இடம் மாற்ற விடாத லாக்கை எடுத்துவிட்டு, மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் தரச் சொல்லுங்கள். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கட்டணத்திலேயே ஒரு வருடம் கூடும். ஒரே டாட் ஸ்டோருக்கு இடத்துக்கு இடம் விலை வேறு, நாலு இடத்தில் விசாரித்தால் 3,900-ஐவிடக் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. காலாவதி ஆவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால், காலாவதியானதை மீட்க ரிடெம்ப்ஷன் கட்டணம் என்று இன்னொரு பூதம் கிளம்பும்.

எக்ஸ்டென்ஷன்_பிரியன்:

பாருங்கள், கடைசியில் நீங்களும் டாட் ஸ்டோருக்குப் பணம் கட்டத்தான் சொல்கிறீர்கள்.

கோவை_ஹோஸ்டிங்:

ஆமாம், மாறினாலும் சில வருடம் கட்டியே ஆக வேண்டும். கைவிட்ட டொமைனை யார் வேண்டுமானாலும் எடுத்து, அந்த முகவரிக்கு வரும் மெயிலையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியும். பேமென்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பாஸ்வேர்டு ரீசெட் அந்த மெயிலுக்குப் போகிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய முகவரியில் திறந்த லாகின் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றி முடிக்கும் வரை டாட் ஸ்டோரை விடக் கூடாது.

மதுரை_நெட்வொர்க்:

கூகுள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கத்துக்குப் பக்கம் 301 ரீடைரெக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, போட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிற சோம்பேறித்தனம்தான் பல பேருடைய இடத்தைக் கெடுக்கிறது. அப்புறம் சைட் உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றம் என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் தெரிவித்துவிடுங்கள். ரீடைரெக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். சில வாரம் ஏற்ற இறக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

டாட் இன்னை கூகுள் இந்தியாவுக்கான சைட்டாக எடுத்துக்கொள்ளும். மலேசியாக்காரர் உங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் தாராளமாக வரும். ‘காட்டன் புடவை’ என்று பொதுவாகத் தேடுகிற இடத்தில்தான் அங்கே கொஞ்சம் பின்தங்கலாம். ஆர்டரில் பாதி வெளிநாடு என்றால் டாட் காமே மேல் என்பேன். உங்கள் கணக்குக்கு டாட் இன் போதும்.

பேங்க்_கவுன்டர்:

நம்பிக்கை என்று பார்த்தாலும் இன் பக்கம்தான் சாய்கிறது. 2025-ல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது, அக்டோபர் 31 வரை கெடு. கண்டவரெல்லாம் அதை வாங்க முடியாது, ரிசர்வ் வங்கி தொடங்கிய ஐடிஆர்பிடி நிறுவனம் மூலமாக மட்டுமே கிடைக்கும். உங்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் முகவரியின் கடைசியைப் பார்க்கும் பழக்கம் எங்கள் கஸ்டமர்களுக்கு வர ஆரம்பித்திருக்கிறது.

சுங்குடிக்கடை:

எல்லோருக்கும் நன்றி. டிசைனரிடம் பேசிவிட்டேன், ஆத் கோட் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். டாட் இன் எடுக்கிறேன், எழுத்துக்கூட்டல் இரண்டையும் சேர்த்து. இரண்டு சந்தேகம் பாக்கி. தமிழிலேயே டாட் இந்தியா என்று கிடைக்கிறதாமே, அதையும் எடுக்கலாமா? சைட்டை எப்போது மாற்றுவது, உடனேவா?

மதுரை_நெட்வொர்க்:

தமிழ் டொமைன் எடுத்து டாட் இன்னுக்குத் திருப்பிவிடலாம். கடைப் பலகையில் அச்சடிக்க அழகாக இருக்கும். மெயிலுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். ஐந்து எழுத்தையே ஏற்காத ஃபார்ம் தமிழை எப்படி ஏற்கும்?

தறிவீடு:

ஆத் கோட் கைக்கு வந்ததும் டிரான்ஸ்ஃபரையும் டாட் இன் பதிவையும் உடனே முடித்துவிடுங்கள், தம்பி. சைட்டை மாற்றுவதைத் தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் பேமென்ட் கேட்வேக்காரர்களிடம் புதிய முகவரியைச் சேர்க்கச் சொல்லி, ஒப்புதல் வந்ததா என்று பாருங்கள். சிலர் பதிவு செய்யாத டொமைனிலிருந்து வரும் பணத்தை ஏற்க மாட்டார்கள். அப்புறம் புது லேபிள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எழுத்துக்கூட்டலை ஒன்றாக முடிவு செய்துவிடுங்கள்.