புதுப்பிப்பு: 100 வாட் சார்ஜர், 60-இல் நின்ற லேப்டாப்
சார்ஜர் 100 வாட், லேப்டாப்பும் அவ்வளவு வாங்கும், ஆனாலும் சார்ஜ் வேகம் 60 வாட்டுக்கு மேல் ஏறவில்லை என்று முன்பு கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. கேபிள்தான்.

சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிள் முனைக்குள் இ-மார்க்கர் என்ற குட்டிச் சில்லு வேண்டும். அது "நான் தாங்குவேன்" என்று சொன்னால்தான் சார்ஜர் கூடுதலாகத் திறந்துவிடும். முனையில் 240 வாட் என்று அச்சிட்ட கேபிளை மாட்டினேன், 90-ஐத் தாண்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. துளை ஒன்றாகிவிட்டது, சரி; கேபிளுக்குத்தான் ஆளுக்கொரு குணம்.

அப்புறம், இந்த 240 வாட் கேபிளில் வீடியோ நகலெடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: எடுக்கலாம், ஆனால் ஆமை வேகம். இந்தக் கேபிள் யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான்.