‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்’: கடைக்காரருக்கு விளங்குகிற சொல் எது?

உப்புவெளியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைச் சிறுவியாபாரிகளுக்கான கைநூலில் ‘கன்ரென்ற் மார்க்கெற்றிங்’ என்ற இடத்தில் வேலை நிற்கிறது. புழக்கத்தில் இருப்பது ‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்’. சந்தைப்படுத்தல் பள்ளிக்கூட வணிகக்கல்வியிலேயே வருகிற சொல், அதில் தகராறு இல்லை. இடிப்பது ‘உள்ளடக்கம்’. சட்டித் தயிர் விற்கிறவரிடம் ‘உங்கள் உள்ளடக்கத்தை மேம்படுத்துங்கள்’ என்றால் அவர் சட்டிக்குள்ளேதான் எட்டிப் பார்ப்பார்.

சொல்ல வந்த தொழில் வேறு. வாங்க வருகிறவர் கேட்கக்கூடியதை, அவர் வாய் திறக்குமுன் கடைக்காரரே எழுதியோ படம் பிடித்தோ வைப்பது, அதைப் பார்த்து நம்பிக்கை வந்து அவர் கடைக்கு வருவது. விளம்பரம் காசு நிற்கிற நாளில் நின்றுவிடும். இது தேடுகிறவருக்கு அடுத்த வருடமும் அகப்படும்.

‘முற்பயன்’ என்று வைக்கலாமா? முற்பணம் எல்லோருக்கும் தெரியும், பொருள் கைக்கு வருமுன் வாங்குபவர் கொடுப்பது. காசு கைக்கு வருமுன் கடைக்காரர் கொடுப்பது முற்பயன்.

மூதூரிலிருந்து:

> காசு கைக்கு வருமுன் கடைக்காரர் கொடுப்பது முற்பயன்.

தம்பி, புணர்ச்சி சரி, முற்பகல் போல நன்றாகவே விழுந்திருக்கிறது. பொருள்தான் வழுக்குகிறது. முன்வினைப்பயன் கேட்டுப் பழகிய காதுக்கு இது தலைவிதியாகக் கேட்கும். அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ருசிபார்க்க ஒரு கரண்டி தயிர் கொடுப்பதும் முற்பயன்தான், முதல் தடவை வருகிறவருக்கு விலை குறைப்பதும் முற்பயன்தான். அவை விற்பனை ஊக்குவிப்பு, வேறு அத்தியாயம். நமக்கு வேண்டிய சொல்லில் ‘சொல்லுதல்’ என்ற கருத்து இருந்தே ஆகவேண்டும்.

பழந்தமிழில் இதற்கு ஒரு வகையே இருக்கிறது: ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலம் வரும், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், யார் வாசலில் போய் நிற்கவேண்டும். வழியைச் சொல்வதற்கே எத்தனை அடிகள்! 1900இல் பிரான்சில் மிஷெலின் ரயர் கம்பனி வாகனக்காரருக்கு இலவசமாகக் கொடுத்த கைநூலும் இதே வேலையைத்தான் செய்தது: எங்கே ரயர் மாற்றலாம், எங்கே பெற்றோல், எங்கே தங்கலாம். சனம் ஓடினால் ரயர் தேயும், தேய்ந்தால் வாங்கும். ‘ஆற்றுப்படுத்தல்’ என்று வைத்துவிடலாமே.

நிலாவெளியிலிருந்து:

ஐயா, அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. சுனாமிக்கும் போருக்கும் பிறகு இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்பது. அதைக் கருவாட்டுக் கடைக்கு இழுத்து வரவேண்டாம்.

இன்னொரு கோணல். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் பரிசு வாங்கியவன். வள்ளல் தன்னைப்பற்றித் தானே சொல்வதில்லை. கடைக்குப் பொருத்தினால் வழி சொல்பவர் வாடிக்கையாளர்தான். ஆகவே கூகுள் வரைபடத்தில் மற்றவர்கள் எழுதுகிற மதிப்புரைக்கு ஆற்றுப்படை அருமையாகப் பொருந்தும், கடைக்காரர் தானே எழுதுவதற்குப் பொருந்தாது.

எனக்குத் தோன்றுவது ‘பயனுரை’. படகுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புறாத்தீவுக்குச் சிறந்த சேவை, உடனே அழையுங்கள்’ என்பது விளம்பரம். ‘மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. வருட முடிவில் வாடைக்காற்றும் மழையும், அப்போது திட்டம் போடவேண்டாம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, படகுக் கூலியோடு நுழைவுச்சீட்டுக் காசும் தனியாக வேண்டும். முருகைக்கல்லின்மேல் கால் வைக்கக்கூடாது’ என்பது பயனுரை. இதைப் பெப்ரவரியிலேயே போட்டுவிடவேண்டும். மே மாதம் போட்டால் தேடுபொறி அதைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவருவதற்குள் பாதிப் பருவம் போய்விடும்.

உரை என்றால் எழுத்து மட்டும்தானே, காணொளியை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். மேடையில் பேசுவதும் உரைதான். படத்துக்குக் கீழே ஒரு வரியாவது இல்லாவிட்டால் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

கிண்ணியாவிலிருந்து:

எல்லாருக்கும் ஸலாம். ‘பயன்பதிவு’ என்று ஒரு சொல்லும் என் மனதில் இருந்தது, நானே வெட்டிவிட்டேன். பதிவு என்றதும் வியாபாரி பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவைத்தான் நினைப்பார். பயனுரைக்கு என் வாக்கு. ஆனால் சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்க்காமல் கைநூலின் வசனங்களுக்குள் போட்டுத் தேய்த்துப் பார்ப்போம்.

‘காசுமேசையில் ஒரு கொப்பியை இரண்டு கிழமை வைத்திருங்கள். நேரில், போனில், வட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள். இருபது கேள்வி சேர்ந்தால் இருபது பயனுரை.’ ஓடுகிறது. இங்கே ‘இருபது உள்ளடக்கம்’ என்று போட்டுப் பாருங்கள், பல்லில் கல் கடிபடும்.

‘பயனுரையின் தலைப்பு அந்தக் கேள்வியே. முதல் இரண்டு வரியில் பதில். பிறகு காரணம். விலை சொன்னால் எந்த மாதத்து விலை என்றும் சொல்லுங்கள்.’ இதுவும் ஓடுகிறது. மாதிரிக்குத் தயிர்க் கடை:

‘சட்டித் தயிரைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா? கொண்டுபோகலாம், புறப்படுகிற அன்று எடுத்த சட்டியாக இருந்தால். சரிக்காமல், வெயில் படாத இடத்தில், கால்மாட்டில் வைத்துப் பிடியுங்கள். சரிந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டுவிடும். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் இறுகும், அது பழுது அல்ல. இறங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.’

விலையைக் கேட்டால் ‘இன்பொக்ஸ்’ என்று எழுதும் பழக்கத்தைக் கைநூல் கண்டிப்பாகக் குறை சொல்லவேண்டும். விலை தெரியாதவர் செய்தி அனுப்பமாட்டார், அடுத்த கடையைப் பார்ப்பார்.

பிழைகள் பக்கத்தில் மூன்றை விடாமல் சேருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோட்டுக்கு மாற்றித்தான் போடவேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டால் தேடலில் வருவது சந்தேகம், பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதில் தடுமாறும். மூன்றாவது வட்ஸ்அப். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ற் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் வரவில்லை என்பதற்கு அனேகமாக இதுதான் காரணம். பட்டியலில் சேர்க்கும்போதே ‘எங்கள் இலக்கத்தைச் சேமியுங்கள்’ என்று கேட்டுவிடவேண்டும்.

ஊர்ப்பெயரிலும் கவனம். நம் ஆட்கள் திருமலை என்று தேடுவார்கள், வேறு மாவட்டத்தார் திருகோணமலை, வெளிநாட்டார் ட்ரிங்கோ. ஒரே பயனுரைக்குள் மூன்றும் இயல்பாக வரலாம், வரிசையாக அடுக்கத் தேவையில்லை. கூகுள் வணிகப் பக்கம் இலவசம். அதில் கடையின் பெயர், முகவரி, போன் இலக்கம் பேஸ்புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

பலனை அளக்க விருப்பக்குறியை எண்ணவேண்டாம். ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று கேட்டு அதே கொப்பியில் கோடு போட்டு வந்தால் மூன்று மாதத்தில் எது வேலை செய்கிறது என்று தெரியும். கிழமைக்கு ஒன்று, ஆறு மாதம் விடாமல். முதல் மாதம் நாளுக்கு ஒன்று போட்டவர்தான் இரண்டாம் மாதம் காணாமல் போகிறார்.

மூதூரிலிருந்து:

ஆற்றுப்படையை மதிப்புரைக்கு விட்டுக்கொடுக்கிறேன், அங்கே இருந்தாலும் மரியாதைதான். பயனுரைக்கு வேரும் பலமானது, ‘பயனில சொல்லாமை’ என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. கிளைச் சொற்களையும் பார்த்துவிடுங்கள்: பயனுரையாளர், பயனுரை அட்டவணை. புறாத்தீவுக் கடல்நிலை போன்றது பருவப் பயனுரை, தயிர்ச்சட்டி போன்றது நிலைப் பயனுரை. ஒன்றும் உடையவில்லை.

உப்புவெளியிலிருந்து:

முற்பயனைத் திரும்பப் பெறுகிறேன். கைநூலில் ‘பயனுரைச் சந்தைப்படுத்தல்’ போகிறது. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி, மற்றப் புத்தகங்களைப் பார்க்கிறவருக்காக. இணையத்தளத்தின் உள்ளடக்கம் என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் உள்ளடக்கம் அப்படியே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. பயனுரையின் கடைசியில் வாசிப்பவரை அடுத்து என்ன செய்யச் சொல்கிறோமோ, அதற்குச் ‘செயலுக்கான அழைப்பு’ என்று போட்டிருக்கிறது. வாசித்தால் ஹர்த்தாலுக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அக்கா, ஐயா, வேறு என்ன?

நிலாவெளியிலிருந்து:

கைகாட்டி. சந்தியில் நிற்கிறதே, அதேதான். போன், வட்ஸ்அப், பேஸ்புக், கடை முகவரி நாலையும் கடைசி வரியில் குவித்தால் வாசிப்பவர் எதையும் அழுத்தாமல் போய்விடுவார், ஆகவே பயனுரை ஒன்றுக்குக் கைகாட்டி ஒன்று. தயிர்க் கடைக்கு இப்படிப் போடலாம்: ‘சட்டி எடுத்துவைக்க, காலை 10 மணிக்கு முன் இந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் எத்தனை சட்டி என்று மட்டும் அனுப்புங்கள்.’