மஸ்கட்டில் டிடி தமிழ் எடுக்க வழி சொல்லுங்கள்

நெல்லை உறவுகளுக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் வயலும் வரப்புமாக இருந்த அப்பாவை அக்கா மஸ்கட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். செல்போனில் செய்தி பார்ப்பது அவருக்குச் சரிப்படவில்லை. ரிமோட்டை அழுத்தினால் டிடி தமிழ் வர வேண்டும். 143 அடி பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி என்று தினமும் என்னிடம் கேட்கிறார், பாவம்.

டிடி தமிழும் கிடைக்கும் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து அது தென்கிழக்கு. மாடியில் அந்தப் பக்கம் மறைப்பு ஏதும் இல்லை. ஆனால் அதன் கேயூ பேண்ட் (டிடிஎச்சுக்குப் பயன்படும் அலைவரிசை) ஒளிபரப்பு இந்தியாவுக்கானது. நம் ஊரில் மாட்டும் சின்ன டிஷ்ஷுக்கு அங்கே சிக்னல் போதாது என்கிறார் அத்தான்.

ஓமனில் யாராவது எடுத்திருக்கிறீர்களா? எவ்வளவு பெரிய டிஷ், எந்த எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி)? அடுத்த வாரம் அத்தான் ஊருக்கு வருகிறார். செட்டாப் பாக்ஸை இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடலாமா? தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.