கேமில் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் டியூப்லைட் மாதிரி எரிகிறது. நிஜத்தில் எப்படி இருக்கும்?

பல்லாவரம்_பிக்சல்:

வணக்கம். மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்கிறோம். ராத்திரி நேரத்து மெட்ரோ சைட்தான் களம். ஆற்காடு ரோடு மாதிரி ஒரு ரோடு, நடுவில் தகரத் தடுப்பு, இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் கிரேன். ஆட்களுக்கு உடுப்பு போட்டுவிடுவது என் பொறுப்பு.

மஞ்சள் ஜாக்கெட்டில்தான் சிக்கல். வெள்ளிப் பட்டைக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எமிஷன், அதாவது தானே ஒளிவிடும் தன்மை, கொடுத்தேன். ஒவ்வொருவரும் மார்கழி மாத சீரியல் லைட் மாதிரி நடந்து போகிறார்கள். எமிஷனை எடுத்தால் பட்டை இருப்பதே தெரியவில்லை. உலோகம் மாதிரி பளபளப்பு கொடுத்தால் ஆள் எவர்சில்வர் குடமாகிவிடுகிறார்.

வடபழனி பக்கம் போய் போனில் போட்டோ எடுத்தேன். ஃபிளாஷ் போட்டால் பட்டை மட்டும் வெள்ளையாக வெடித்து ஆள் முகமே காணோம். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் அதே பட்டை அழுக்குச் சாம்பல். எது நிஜம்? சைட்டில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஜாக்கெட்டை நிஜமாக எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். கூகுளில் தேடினால் இஸ்திரி போட்ட ஜாக்கெட்டோடு சிரிக்கிற வெள்ளைக்காரர்கள்தான் வருகிறார்கள்.


சோம்பேறி_ஸ்னைப்பர்:

நாங்கள் போனில் ஆடும் பிஜிஎம்ஐ துப்பாக்கிச் சண்டை கேமில் மஞ்சள் சட்டை போட்டவன் முதல் வட்டத்தையே தாண்ட மாட்டான். அங்கே எல்லாருக்கும் புல்லோடு புல்லாகப் படுத்துக்கொள்ள ஒரு உடுப்புதான் வேண்டும்.

வேஷம் மாற்றி ஆளைத் தீர்க்கிற ஹிட்மேன் கேமில் அப்படியே தலைகீழ். வேலைக்காரன் உடுப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த உடுப்புக்கு உரிய எந்தக் கேட்டிலும் கேள்வி கிடையாது. தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி உள்ள ஆட்கள் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜ சைட்டில் இதெல்லாம் நடக்குமா என்று எனக்கும் ரொம்ப நாள் சந்தேகம்.


சைட்டில்_இருக்கிறேன்:

தம்பி, பதினொரு வருஷமாக சேஃப்டியில் இருக்கிறேன். இப்போது மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையில். கேம் எல்லாம் என் மகனுடைய இலாகா, எனக்கு ஜாக்கெட் மட்டும்தான் தெரியும்.

முதலில் பாரிமுனை பக்கம் போய் ஒரு ஜாக்கெட் வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ராத்திரி வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு அதைக் கதவில் மாட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று, போன் டார்ச்சை இடுப்பருகே பிடித்து அடியுங்கள். பட்டை சும்மா சாம்பல் துணியாகக் கிடக்கும். அப்புறம் டார்ச்சை மெதுவாக உயர்த்திக் கண்ணோரமாகக் கொண்டு வாருங்கள். குப்பென்று பற்றிக்கொள்ளும். உங்கள் இரண்டு போட்டோவும் நிஜம்தான். போனில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அவ்வளவுதான் விஷயம்.

பட்டையில் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகள் இருக்கின்றன. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்குக்குப் பக்கத்தில் யார் கண் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது எரியும். இந்த மாதிரி ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20471-இல் இதற்குக் கணக்கே உண்டு. ஒளி கிட்டத்தட்ட நேராக விழும்போது, விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே கோணம் 0.2 டிகிரி என்றால் புதுப் பட்டை குறைந்தது 330 தர வேண்டும். 1 டிகிரி என்றால் 25 போதும். 1.5 டிகிரிக்கு வெறும் 10. (அலகு, ஒரு சதுர மீட்டருக்கு லக்ஸ் ஒன்றுக்கு இத்தனை கேண்டலா. உங்களுக்கு விகிதம் போதும் என்று நினைக்கிறேன்.)

கார் ஓட்டுகிறவர் கண் ஹெட்லைட்டுக்கு இரண்டடி மேலே இருக்கிறது என்று வையுங்கள். கான்கிரீட் மிக்சர் லாரி டிரைவர் ஐந்தடி மேலே உட்கார்ந்திருக்கிறார். 50 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளைப் பார்க்கும்போது காருக்குக் கோணம் சுமார் 0.7 டிகிரி, லாரிக்கு 1.7. ஒரே ஜாக்கெட், ஒரே தூரம். கார்க்காரருக்கு எரிகிற பட்டை லாரிக்காரருக்குப் பாதிகூட எரியாது. வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சில் (பாதுகாப்புப் பேச்சு) இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு ராத்திரி கம்பி கட்டும் பையன் ஒருவனை லாரி கேபினில் ஏற்றி, அவன் கூட்டாளியைத் தூரத்தில் நிற்க வைத்துக் காட்டினேன். "இவ்வளவுதானா தெரியும்?" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் பேசாமல் இறங்கினான். அன்றிலிருந்து அவன் லாரிக்குக் குறுக்கே நடப்பதில்லை.

மஞ்சள் துணி வேறு கதை. அதைப் பட்டையோடு சேர்க்காதீர்கள். அந்தச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரிகிற ஒளியாக மாற்றித் தருகிறது. அதனால்தான் பகலிலும், முக்கியமாக மேகமூட்டத்திலும் சாயங்காலம் இருட்டுகிற நேரத்திலும் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ராத்திரி அந்த வித்தையெல்லாம் போய்விடும். பழைய சோடியம் விளக்கின் கீழே ஆரஞ்சு எது மஞ்சள் எது என்றே பிரிக்க முடியாது. உங்கள் கேம் ராத்திரி என்பதால் துணியை மங்கலாக வையுங்கள்.

மழைக் காட்சி வைத்திருக்கிறீர்களா? ஐப்பசி மழையில் நனைந்த ஜாக்கெட்டைப் பார்த்தால் புரியும். மணிகளின் மேல் தண்ணீர் படலம் படிந்தால் ஒளி சரியாகத் திரும்பாது, மலிவுப் பட்டை பாதி செத்துவிடும். வெயிலில் காயக் காயச் சாயமும் வெளுக்கும்.

ஹிட்மேன் கேட்ட தம்பிக்கு: நடக்கும். ஒரு பழைய சைட்டில் பட்டப்பகலில் ஒருவன் ஜாக்கெட், ஹெல்மெட் சகிதம் வந்து எர்த்திங் தாமிரக் கேபிளைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போனான். கேட்டைத் திறந்துவிட்டது எங்கள் செக்யூரிட்டி. சல்யூட் வேறு. அதற்கு முந்தைய வாரம் இதே மாதிரி வந்த இன்னொருவனை, கிரேனில் சுமை கட்டும் ரிக்கர்களின் போர்மேன் தூரத்திலேயே பிடித்துவிட்டார், "நம்ம ஆள் எவனும் ஹெல்மெட் பட்டையை இவ்வளவு ஒழுங்காக மாட்ட மாட்டான்" என்று. வெள்ளைப் புள்ளி என்றால் அவர் தலைக்குத்தான் வைக்க வேண்டும்.

போட்டுக்கொள்ளும் விதம் கேட்டீர்கள். வெல்குரோ ஒரு மாதத்தில் போய்விடும். கம்பி கட்டப் பயன்படும் கட்டுக்கம்பியால் ஜாக்கெட்டைத் துளைத்து முறுக்கிவிடுவார்கள். பெண்கள் புடவை, அதன் மேல் ஆண்கள் முழுக்கைச் சட்டை, அதன் மேல்தான் ஜாக்கெட். தலைச்சுமை தூக்கும்போது அதைக் கழற்றிச் சும்மாடாகச் சுற்றிக்கொள்கிறவர்களையும் பிடித்திருக்கிறேன், திட்டவும் மனம் வரவில்லை. மத்தியானம் அதையே விரித்துப் படுப்பார்கள். முதுகுப் பட்டையில் சிமெண்ட் காய்ந்திருக்கும். என்ஜினீயர் ஜாக்கெட் மட்டும் புதிதாக இருக்கும், பையில் இரண்டு பேனா.


பல்லாவரம்_பிக்சல்:

அண்ணா, கும்பிடு. தம்பி இல்லை, தங்கை.

டார்ச் சோதனை செய்து பார்த்தேன், அம்மா எட்டிப் பார்த்து "என்னடி செய்யற" என்று கேட்கும் வரை கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எமிஷனைத் தூக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் கேமராவுக்கும் உள்ள கோணத்தைப் பார்த்து, நீங்கள் கொடுத்த எண்களையே வளைவாகப் போட்டிருக்கிறேன். கேபினுக்குள் இருந்து பார்க்கும்போது அற்புதம். ஆனால் லாரிக்குப் பின்னால் உயரத்தில் கேமரா வைத்தால் பட்டை எரிவதே இல்லை. கணக்குப்படி அது சரி, ஆடுகிறவர்கள் பிழை என்றுதான் சொல்வார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றப் போகிறேன்.


ஆறுசக்கரம்:

மிக்சர் லாரி ஓட்டுகிறேன். மகள் இந்தத் திரியைக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள் டைப் பண்ணுகிறாள்.

ஹெட்லைட் கணக்கு சரி சார். ஆனால் சைட்டுக்குள் எனக்குப் பயம் முன்னால் இல்லை, ரிவர்ஸில்தான். பின்னால் நிற்கிற ஆள் மேல் விழுவது ரிவர்ஸ் லைட் வெளிச்சம். நான் பார்ப்பதோ முன்னால் இருக்கிற கண்ணாடியில். பட்டை எரியவே எரியாது. சேறு பட்ட கண்ணாடியில் ஜாக்கெட்டும் சேறும் ஒன்றுதான். அப்போது நான் பார்ப்பது சிக்னல்மேன் கையில் இருக்கிற சிவப்பு லைட் குச்சியை மட்டும். குச்சி கண்ணில் இருந்து மறைந்தால் அந்த இடத்திலேயே பிரேக். விசிலை நம்ப மாட்டேன், டிரம் சத்தத்தில் கேட்காது.


சைட்டில்_இருக்கிறேன்:

தங்கச்சி, மன்னிக்கணும். பெயரைப் பார்த்துத் தம்பி என்று நினைத்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு பழைய கதை. 1964-இல் கிளாஸ்கோவில் மின்சார ரயில் ஓடும் பாதையில் வேலை செய்தவர்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்துப் பார்த்தார்கள். மின்சார வண்டி சத்தமில்லாமல் வேகமாக வந்துவிடும் என்ற கவலை. அந்த ஜாக்கெட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் மின்மினி. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்துக்கொண்டு வருகிற இடத்துக்கு அது நல்ல யோசனைதான். ரிவர்ஸ் எடுக்கிற லாரிக்குப் பின்னால் மின்மினி எரியாது.


பல்லாவரம்_பிக்சல்:

ஆறுசக்கரம் அண்ணா, உங்கள் மகளுக்கும் நன்றி. நேற்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து கேமின் இரண்டாவது கட்டத்தையே மாற்றிவிட்டோம். ஆடுகிறவர்தான் இப்போது சிக்னல்மேன். லாரி பின்னால் வருகிறது, கையில் சிவப்புக் குச்சி, டிரைவர் கண்ணாடியில் குச்சி தெரிகிற இடத்திலேயே நிற்க வேண்டும். முதல் தடவை ஆடிய என் கூட்டாளி ஜாக்கெட் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் டயர் ஓரமாகப் போய் நின்றான். மூன்று தடவை அவுட்.

கட்டுக்கம்பி முறுக்கையும் வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம் அண்ணா: முனையை வெளியே நீட்டிக்கொண்டு விடுவார்களா, உள்ளே மடக்கிவிடுவார்களா?


சைட்டில்_இருக்கிறேன்:

மடக்கச் சொல்லித்தான் தினமும் கத்துகிறேன். வெளியே நீட்டியே வையுங்கள்.